அடையாற்று முகத்துவாரத்தில் பறவை பார்க்கப் போவது எப்படி?

பறவை பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, காலையில் எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும் என்பதைத்தான். கிண்டிக்கும் வேடந்தாங்கலுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அது பாதிதான் பொருந்தும். இங்கே பறவைகளின் நாள், சூரியனைவிடக் கடலின் ஏற்ற வற்றத்தைப் பார்த்தே நகர்கிறது. நீர் வற்றிச் சேறு வெளியே தெரியும்போது உள்ளான்களும் கொக்குகளும் இரை தேட இறங்குகின்றன. நீர் ஏறிச் சேற்றை மூடிவிட்டால், அது விடியற்காலை ஆறு மணியாகவே இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு மணல் திட்டில் ஒற்றைக் காலில் நின்று உறங்கிக்கொண்டிருக்கும். அதிகாலையில் எழுந்து போயும் ஒன்றையும் காணவில்லை என்று திரும்புகிறவர்களில் பலர், இந்த ஒன்றைப் பார்க்காமல் போனவர்களே.

காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிகளின் உபரி நீரைச் சேர்த்துக்கொண்டு புறப்படும் அடையாறு, ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடி, பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்கும் பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்துக்கும் இடையில் வங்கக் கடலைச் சேர்கிறது. வழியெல்லாம் மாநகரின் கழிவுநீரும் அதில் கலக்கிறது; நாற்றம் இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஆனாலும் திரு.வி.க. பாலத்துக்குக் கிழக்கே ஆறு அகன்று, உப்பும் நன்னீரும் கலந்து, சேற்றுப் பரப்பும் திட்டுகளும் சிறு ஓடைகளுமாக விரிகிற அந்தச் சிறு பகுதியில், ஒரு பெருநகரின் நடுவே இத்தனை வகைப் பறவைகளா என்று வியக்கும் அளவுக்கு உயிர்கள் ஒண்டியிருக்கின்றன. தென்கரையில் பிரம்மஞான சபையின் தோப்பும், வடகரையில் தொல்காப்பியப் பூங்காவும் அந்தப் பகுதிக்கு இரு பக்கமும் அரணாக இருப்பது இதற்கு முக்கியமான காரணம்.

நாளையும் வேளையையும் தேர்ந்தெடுத்தல்

சென்னைக் கடலில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறுகிறது, இரண்டு முறை வற்றுகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் ஆறு மணி நேரம் இருக்கும். அடுத்த நாள் அதே நிலை ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தி வரும். ஆகவே இந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சேறு நன்றாகத் தெரிந்தது என்றால், அடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் நீர் தளும்பி நிற்கக்கூடும். நம் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு, அதிகமான நாட்களில்கூட, ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். வேறு கடற்கரைகளோடு ஒப்பிட்டால் இது சிறியதுதான். ஆனால் முகத்துவாரத்துச் சேற்றுப் பரப்பு மிகவும் தட்டையானது என்பதால், ஒரு முழம் நீர் இறங்கினாலே பரந்த இடம் வெளியே வந்துவிடும்.

எந்த நாளில் நீர் நன்றாக வற்றும் என்பதை அறிய வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியே போதும். அமாவாசையும் பௌர்ணமியும், அவற்றை அடுத்து வரும் ஓரிரு நாட்களும் சிறந்தவை. அட்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் வேறுபாடு மிகக் குறைவு. நல்ல காரியங்களுக்கு அட்டமி நவமியை ஒதுக்குகிறவர்கள் இதற்கும் ஒதுக்கலாம், காரணம் மட்டும் வேறு. அன்றைய வற்றம் எத்தனை மணிக்கு என்பதை, ஐதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் இணையதளத்திலோ, கைப்பேசியில் கிடைக்கும் ஓத (ஏற்ற வற்ற) அட்டவணைச் செயலிகளிலோ சென்னைத் துறைமுகத்துக்கு உரியதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். முகத்துவாரத்தின் குறுகிய வாய் வழியாகத்தான் நீர் வெளியேற வேண்டியிருப்பதால், ஆற்றுக்குள் வற்றம் அட்டவணை காட்டும் நேரத்துக்குச் சற்றுப் பிந்தியே வரும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்து, நீர் மீண்டும் ஏறத் தொடங்கும் வரை இருப்பது நல்ல ஏற்பாடு. நீர் முழுதும் வற்றியிருக்கும்போது பறவைகள் பரப்பெங்கும் சிதறி, பல தொலைவில் புள்ளிகளாகவே தெரியும். ஏற்றம் தொடங்கிய பிறகு, சேறு மூடிக்கொண்டே வர, அவை கரையை நோக்கி நெருங்கி வரும். நாம் அவற்றைத் தேடிப் போக வேண்டியதில்லை, நீரே அவற்றை நம் பக்கம் தள்ளிக் கொண்டுவரும். பலர் வற்றத்தின் உச்சத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்குப் பிந்தைய ஒரு மணி நேரமே என் கணக்கில் மிகவும் மதிப்புள்ளது.

இவ்வளவும் முகத்துவாரம் திறந்திருந்தால்தான். நம் கடற்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி அலைகளால் நகர்த்தப்படுகிறது. ஆற்றில் நீர்வரத்துக் குறையும் மாதங்களில் அந்த மணல் முகத்துவாரத்தின் குறுக்கே திட்டாகச் சேர்ந்து, சில சமயம் அதை அடைத்தே விடுகிறது. அப்போது கடலில் எவ்வளவு ஏற்றம் இருந்தாலும் ஆற்றுக்குள் நீர்மட்டம் அசையாது, அட்டவணை பயன்படாது. வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் அந்தத் திட்டை உடைத்துத் திறக்கும், அல்லது இயந்திரங்களைக் கொண்டு தூர்வாருவார்கள். இப்போது திறந்திருக்கிறதா என்று அறிய, குப்பத்துக் கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர்களைக் கேட்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. "அண்ணா, முகத்துவாரம் தொறந்திருக்கா?" என்று கேட்டால், "தொறந்துதான் இருக்கு, தண்ணி இப்பதான் வத்துது, வடக்கால போய் நில்லுங்க" என்று, நீங்கள் கேட்காத விவரத்தையும் சேர்த்தே சொல்வார்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லலாம். வலசை வரும் கரைப்பறவைகள் ஆகஸ்ட் இறுதி முதலே தலைகாட்டத் தொடங்கி, மார்ச், ஏப்ரல் வரை இருக்கும். டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை உள்ள காலம் மிகவும் ஏற்றது. நவம்பரில் கனமழை பெய்து ஆறு பெருக்கெடுத்து ஓடும் நாட்களில் போவதில் பயனும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. வெள்ளம் வடிந்து, புதிய வண்டல் படியும் வரை பொறுத்திருக்க வேண்டும். கோடையில் கூட்டம் குறைந்தாலும், கொக்குகளும் நீர்க்காகங்களும் மீன்கொத்திகளும் ஆண்டு முழுவதும் இருக்கின்றன.

எங்கே நிற்பது

முகத்துவாரத்தைப் பார்க்க மூன்று நான்கு இடங்கள் உள்ளன. அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை வெயில் முடிவு செய்ய வேண்டும். சூரியனை எதிரே வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லாப் பறவைகளும் கருநிழல்களாகவே தெரியும். காலின் நிறம், அலகின் நிறம் ஆகியவற்றை வைத்து அடையாளம் காண வேண்டிய உள்ளான் இனங்களில் இது முழு முயற்சியையும் வீணாக்கிவிடும்.

காலை வேளைக்குத் தென்கரைக் கடற்கரையே சரியானது. பெசன்ட் நகர் பேருந்து நிலையத்தில் இறங்கி, எலியட்ஸ் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவுச்சின்னத்தைக் கடந்து, ஊரூர் ஆல்காட் குப்பத்தின் வழியாகக் கடற்கரையோரமாகவே வடக்கு நோக்கி நடந்தால், உடைந்த பாலம் தெரியும். சாந்தோம் பகுதியையும் எலியட்ஸ் கடற்கரையையும் மீனவர்களுக்காக இணைக்க 1967ஆம் ஆண்டு கட்டப்பட்டு, 1977ஆம் ஆண்டு ஆற்று வேகத்தில் இடிந்துபோன பாலத்தின் மிச்சம் அது. அதன் அருகே மணலில் நின்று மேற்கு நோக்கினால், வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க, சேற்றுப் பரப்பு முழுவதும் ஒளியில் தெளிவாக விரிந்திருக்கும். பாலத்தின் மீது ஏற வேண்டாம். கைப்பிடிச் சுவர்கள் இல்லை, சிமென்ட் பெயர்ந்து கம்பிகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன, அங்கே ஏறிச் செல்வதற்குத் தடையும் உண்டு. கீழே நின்று பார்ப்பதில் குறைவதும் ஒன்றுமில்லை. மேலே ஏறினால் வானத்தின் பின்னணியில் மனித உருவம் தெரிந்து பறவைகள் கலைந்துபோகும். மணலில் உடைந்த பாட்டில் துண்டுகள் கிடப்பதால் வெறுங்காலுடன் நடப்பதைத் தவிர்க்க வேண்டும்.

மாலை வேளைக்குத் திரு.வி.க. பாலம். அடையாறு பணிமனைப் பக்கமிருந்து நடந்து வந்து, பாலத்தின் கிழக்கு ஓர நடைபாதையில் நின்று கடல் பக்கம் பார்த்தால், மேற்கில் சாயும் வெயில் பின்னால் இருக்கும். வாகன இரைச்சல் காதைத் துளைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த இரைச்சலுக்குப் பறவைகள் பழகிவிட்டன, அவற்றுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. மாலை ஐந்து மணிக்கு மேல், அன்றைய இரை தேடலை முடித்த கொக்குகளும் நீர்க்காகங்களும் மரங்களுக்கு அடைய வரும் காட்சியை இங்கிருந்து பார்ப்பதே சிறப்பு. வக்காக்கள் எதிர்த்திசையில் புறப்படும். மற்றவை உறங்கப் போகும் வேளையில் அவற்றின் வேலை தொடங்குகிறது.

வடகரையில் உள்ள தொல்காப்பியப் பூங்கா வேறு வகையான இடம். குப்பை கொட்டும் இடமாகவும் கட்டட இடிபாடுகளின் கிடங்காகவும் இருந்த அடையாற்றுச் சிற்றோடைப் பகுதியில் 58 ஏக்கரைத் தூய்மைப்படுத்தி, கடல்நீர் வந்து போகும்படி பள்ளங்கள் தோண்டி, அலையாத்தி மரங்களும் இம்மண்ணுக்குரிய செடிகொடிகளும் நட்டு, 2011ஆம் ஆண்டு ஜனவரியில் திறந்தார்கள். பின்னர் முகத்துவாரத்தையும் சேர்த்து மேலும் 300 ஏக்கரில் சீரமைப்புப் பணிகள் நடந்தன. டாக்டர் டி.ஜி.எஸ். தினகரன் சாலையில் இதன் வாயில் உள்ளது. பறக்கும் ரயிலில் வருகிறவர்கள் கிரீன்வேஸ் சாலை நிலையத்திலோ மந்தைவெளியிலோ இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். அனுமதிக்கும் நாள், நேரம், கட்டணம் ஆகியவை அவ்வப்போது மாற்றப்படுகின்றன. புறப்படுவதற்கு முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே பாதை, பார்வை மேடை, நிழல் எல்லாம் இருப்பதால் குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துச் செல்ல இதுவே ஏற்ற இடம். இங்குள்ள குளங்களில் முக்குளிப்பான், தாழைக்கோழி, நீலத் தாழைக்கோழி, கானாங்கோழி ஆகியவற்றை நிதானமாகப் பார்க்கலாம்.

பிரம்மஞான சபை 1882 முதல் தன் தலைமையகத்தை அமைத்துக்கொண்ட தோப்பு, சுமார் 260 ஏக்கர் பரப்புடையது. இங்குள்ள பெரிய ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989ஆம் ஆண்டுப் புயலில் சாய்ந்துவிட்டாலும், விழுதுகள் ஊன்றிய மரங்கள் இன்றும் பரந்து நிற்கின்றன. குறிப்பிட்ட சில மணி நேரங்களில் மட்டுமே பொதுமக்களை அனுமதிப்பதால், ஓதத்துக்கு ஏற்ப இங்கே வேளையை அமைத்துக்கொள்ள முடியாது. ஆகவே இதை ஆற்றுப் பறவைகளுக்கான இடமாகக் கருதாமல், மாங்குயில், செம்போத்து, அரசவால் ஈப்பிடிப்பான், புள்ளி ஆந்தை போன்ற தோப்புப் பறவைகளுக்கான இடமாகக் கருதுவது பொருத்தம். குளிர்காலத்தில் இலைச்சருகுகளைக் கிளறிக்கொண்டிருக்கும் ஆறுமணிக்குருவியை இங்கே எதிர்பார்க்கலாம். சபையின் நுழைவாயிலில் சொல்லப்படும் விதிகள் கடுமையானவையாகத் தோன்றலாம். அந்தக் கடுமையால்தான் தோப்பு தோப்பாக இருக்கிறது.

கையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு பைனாகுலர், தொப்பி, தண்ணீர், ஒரு சிறு குறிப்பேடு. இவற்றுக்கு மேல் தேவையில்லை. பைனாகுலரில் 8 x 42 என்று எழுதியிருந்தால், முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையும், இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கும். எட்டு மடங்கு அல்லது பத்து மடங்கு போதுமானது. இருபது மடங்கு என்று விளம்பரப்படுத்தப்படும் மலிவான கருவிகளை வாங்க வேண்டாம். கை நடுக்கமும் இருபது மடங்காகும் என்பதால் அவற்றில் எதையும் நிலையாகப் பார்க்க முடியாது. வாங்கிய பிறகு பலர் செய்யாமல் விடும் ஒரு வேலை உண்டு. வலது கண்ணை மூடி, இடது கண்ணால் மட்டும் தொலைவில் உள்ள ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து, நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பின்னர் இடது கண்ணை மூடி, அதே பலகையை வலது கண்ணால் பார்த்து, வலது கண்குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். இரு கண்களின் பார்வை வேறுபாட்டை இது சரிசெய்துவிடும். அதன் பிறகு நடுச் சக்கரம் ஒன்றே போதும்.

பறவையைக் கருவிக்குள் கொண்டுவருவதற்கும் முறை உண்டு. வெறும் கண்ணால் பறவையைப் பார்த்து, பார்வையை அதன் மீதிருந்து விலக்காமல், கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். கருவியைக் கண்ணில் வைத்துக்கொண்டு சேறெங்கும் துழாவினால் சேறுதான் தெரியும்.

உடை பழுப்பு, பச்சை போன்ற மங்கிய நிறங்களில் இருக்கட்டும். சத்தத்தைவிட அசைவுக்கே பறவைகள் அதிகம் அஞ்சுகின்றன. குழுவாகப் போகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக நடந்து, ஓரிடத்தில் நின்ற பிறகு கை நீட்டிச் சுட்டுவதைத் தவிர்த்து, "மூன்றாவது திட்டின் இடது ஓரம்" என்று வாயால் இடம் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும்.

எதைப் பார்ப்பது, எப்படி அடையாளம் காண்பது

புதிதாக வருகிறவர்கள் கொக்குகளிலிருந்து தொடங்குவது நல்லது. அவை பெரியவை, பொறுமையாக நிற்பவை. கறுப்பு அலகும், கறுப்புக் காலும், பாதத்தில் மட்டும் மஞ்சளும் கொண்ட வெள்ளைக் கொக்கு தெரிந்தால், அது சின்னக் கொக்கு. ஒரு பாதத்தை முன்னே நீட்டி, ஆழமற்ற நீருக்கு அடியில் அதை நடுங்கச் செய்து, கலங்கிய சேற்றிலிருந்து பதறி ஓடும் சிறு மீனையும் இறாலையும் அது குத்துவதைப் பத்து நிமிடம் நின்று பார்த்தால், மற்ற கொக்குகள் இரை தேடும் விதத்திலிருந்து இது எவ்வளவு வேறுபடுகிறது என்பது விளங்கும். அதன் அருகிலேயே சேற்றின் நிறத்தில் குறுகி உட்கார்ந்திருக்கும் மடையான், அசையும் வரை கண்ணுக்கே தெரியாது. எழுந்து பறந்ததும் சிறகுகள் முழுவதும் வெண்மையாக விரியும். சாம்பல் நாரை தனியாகவே நிற்கும். மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் ஆகியவையும் அவ்வப்போது வரும்.

அடுத்து நெடுங்கால் உள்ளான். நீண்ட, இளஞ்சிவப்புக் கால்களும், ஊசி போன்ற கறுப்பு அலகும், வெண்ணிற உடலும் கொண்ட இதை வேறொன்றோடு குழப்பிக்கொள்ள முடியாது. இது கழிவுநீர் கலந்த சேற்றிலும் செழித்து வாழ்வதால், முகத்துவாரம் எந்த நிலையில் இருந்தாலும் கண்ணில் படும். பறக்கும்போது அந்தக் கால்கள் வாலுக்குப் பின்னால் நெடுந்தொலைவு நீட்டிக்கொண்டிருக்கும்.

சிறிய கரைப்பறவைகள்தான் சோதனை. எல்லாம் சாம்பலும் பழுப்புமாக ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றி, பலரை முதல் நாளிலேயே மனம் தளரச் செய்துவிடும். நிறத்தை மறந்துவிட்டு, அவை இரை தேடும் விதத்தைக் கவனியுங்கள். நாலைந்து அடி விரைந்து ஓடி, சட்டென்று நின்று, ஒரு முறை குனிந்து கொத்தி, மீண்டும் ஓடினால் அது உப்புக்கொத்தி இனம். கண்ணால் பார்த்து வேட்டையாடுவதால் அதன் அலகு குட்டை, கண் பெரிது. நிற்காமல் நடந்துகொண்டே அலகைச் சேற்றுக்குள் விட்டு விட்டு எடுத்தால் அது உள்ளான் இனம். நீரோரக் கல்லில் தனியாக நின்று, உடலின் பின்பகுதியை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருப்பது சாதா உள்ளான். கூட்டமாக, சிட்டுக்குருவி அளவே இருந்து, தையல் எந்திரத்தின் ஊசியைப் போலச் சேற்றைக் குத்திக்கொண்டே நகர்வது கொசு உள்ளான். அந்தச் சின்னஞ்சிறு உடலோடு வடதுருவத்தை ஒட்டிய சமவெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, மத்திய ஆசிய வலசைப் பாதையில் இங்கே வந்து சேர்கிறது. பச்சைக்காலி பெரியது, அலகு சற்றே மேல்நோக்கி வளைந்தது. அலகாலும் காலாலும் அல்லாமல், கிளம்பும்போது மூன்று முறை தெளிவாக ஒலிக்கும் அதன் குரலாலேயே அதை அறிந்துகொள்ளலாம்.

பட்டாணி உப்புக்கொத்தியையும் மற்ற உப்புக்கொத்திகளையும் பிரித்தறிய, கண்ணைச் சுற்றிய மஞ்சள் வளையம் உதவும். அதற்கு மேல் உள்ள நுட்பங்களை முதல் பருவத்திலேயே கற்க முயல வேண்டாம் என்பது என் கருத்து. இனத்தைச் சரியாகச் சொல்லி, வகையைச் சொல்லாமல் விடுவதில் குறைவு ஒன்றுமில்லை. குறிப்பேட்டில் "உப்புக்கொத்தி, வகை தெரியவில்லை" என்று எழுதுவது நேர்மையான பதிவு.

வானத்தையும் மறக்க வேண்டாம். செம்பருந்தும் கரும்பருந்தும் எப்போதும் வட்டமிடும். கரைப்பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறி எழுந்தால் மேலே பாருங்கள், சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்துகொண்டிருக்கக்கூடும். குளிர்காலத்தில், மீனைப் பிடித்துண்ணும் வேட்டைப் பறவையான விராலடிப்பான் அரிதாகத் தென்படும். மடவை மீனைத் தூக்கிச் செல்லும்போது, காற்றின் தடை குறையுமாறு அதன் தலையை முன்னோக்கித் திருப்பிப் பிடித்துக்கொண்டு பறப்பதைக் காணலாம். நீரின் மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, செங்குத்தாக விழுவது கருப்பு வெள்ளை மீன்கொத்தி. மணல் திட்டில் ஒரே திசை நோக்கி வரிசையாக அமர்ந்திருப்பவை ஆலாக்களும் கடற்காகங்களும். அவை காற்று வரும் திசையை நோக்கியே அமரும்.

பறவைகள் அல்லாதவை

சேற்றோரத்தில் குனிந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, ஒற்றைக் கொடுக்கு மட்டும் உடலளவுக்குப் பெரிதாக வளர்ந்த ஆண் நண்டுகள், வளை வாயிலில் நின்று அந்தக் கொடுக்கை உயர்த்தி உயர்த்தி இறக்குவது தெரியும். பெண் நண்டையும் போட்டிக்கு வரும் ஆணையும் நோக்கிய சைகை அது. நிழல் பட்டவுடன் அத்தனையும் வளைக்குள் மறையும். அசையாமல் இரண்டு மூன்று நிமிடம் இருந்தால் ஒவ்வொன்றாக மீண்டும் வெளியே வரும்.

கீரியைத் தொல்காப்பியப் பூங்காவிலும் சபைத் தோப்பிலும் காலையில் காணலாம். உடும்பு, சாரைப்பாம்பு, தண்ணீர்ப் பாம்பு ஆகியவையும் உண்டு. பாதையை விட்டு இறங்காமல் நடந்தால் இவற்றால் நமக்கோ நம்மால் இவற்றுக்கோ தொல்லை இல்லை. தோப்பின் உயரமான மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் பகலில் தொங்குவதைப் பார்க்கலாம். நரி இப்பகுதியில் வாழ்கிறது என்றாலும், அதைப் பார்ப்போம் என்று எண்ணிப் போக வேண்டாம். மான் பார்க்க விரும்புகிற குழந்தைகள் உடன் வந்தால், அவர்களை இங்கே ஏமாற்றாமல் கிண்டிக்கு அழைத்துச் செல்லுங்கள். 1978ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட, 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தக் காட்டில் புள்ளிமானும் வெளிமானும் உள்ளன.

ஜனவரி முதல் மார்ச் வரை, இதே கடற்கரை இரவில் வேறொரு விருந்தாளியைக் காண்கிறது. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் அது. 1980களின் பிற்பகுதியிலிருந்து மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் நள்ளிரவுக்குப் பின் கடற்கரையோரம் நடந்து, முட்டைகளைத் திரட்டிப் பாதுகாப்பான பொரிப்பிடத்தில் புதைத்து வைக்கிறார்கள். ஏழு வாரங்களை ஒட்டிக் குஞ்சுகள் வெளிவருகின்றன. பருவத்தில் பொதுமக்களும் அவர்களோடு நடக்க வாய்ப்பு உண்டு. இரவில் இந்தக் கடற்கரைக்குப் போக விரும்புகிறவர்கள் தனியாகப் போகாமல், அவர்களோடு மட்டுமே போக வேண்டும். கைவிளக்கையும் கைப்பேசி வெளிச்சத்தையும் அணைத்துவிடச் சொன்னால் உடனே அணைத்துவிடுங்கள். கடல் மீதான மங்கிய ஒளியை நோக்கி நகரும் குஞ்சுகள், விளக்கொளியைக் கண்டால் திசைமாறி நகரத்துப் பக்கம் போய்விடும்.

நடந்துகொள்ளும் முறை

சேற்றில் இறங்கக் கூடாது. மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே முழங்காலுக்கு மேல் அமிழும். வெளியே எடுத்த காலில் செருப்பு இருக்காது. அதைவிட முக்கியமாக, இரை தேடும் நேரம் ஓதத்தால் அளந்து கொடுக்கப்பட்ட பறவைகளுக்கு, நம்மால் கலைந்து எழுந்து மீண்டும் இறங்கும் ஒவ்வொரு முறையும் இழப்பு. படம் எடுப்பதற்காகக் கூட்டத்தை வேண்டுமென்றே பறக்கச் செய்கிறவர்களை இங்கே பார்க்க நேரிடும். பறக்கும் படம் வேண்டுமென்றால் காத்திருங்கள், பருந்து ஒன்று வரும். பொரியோ பிஸ்கட்டோ போட வேண்டாம். அது காகங்களையும் தெருநாய்களையும்தான் கூட்டும், இரண்டும் திட்டுகளில் முட்டையிடும் பறவைகளுக்கு எதிரிகள். ஆள்காட்டிக் குருவி ஒன்று தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால், அருகில் தரையில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று பொருள்; வந்த வழியே பின்வாங்குவதுதான் முறை.

குப்பத்தின் வழியாக நடக்கும்போது, அது மீனவர்களின் வேலைத்தளம் என்ற நினைவு வேண்டும். காயும் வலையை மிதிக்காமல் சுற்றிப் போவதும், ஆட்களைப் படம் எடுப்பதற்கு முன் கேட்பதும் போதுமான மரியாதை. ஆற்றில் வீச்சு வலையோடு நிற்பவரைச் சுற்றித்தான் கொக்குகளும் கூடும் என்பதால், அவரிடம் பேச்சுக் கொடுத்தால் பறவைகளைப் பற்றியும் நிறையக் கிடைக்கும். இருட்டுவதற்குள் உடைந்த பாலத்துப் பகுதியை விட்டு வெளியேறிவிட வேண்டும். பெண்களும் சிறுவர்களும் மட்டுமல்ல, யாருமே அங்கே தனியாகப் போகாமல் இருவர் மூவராகப் போவது நல்லது. 1978 முதல் இயங்கிவரும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகளின் நடைகளில் ஒன்றிரண்டு முறை சேர்ந்து போனால், அனுபவமுள்ள கண்களோடு சேர்ந்து பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கும்.

பார்த்ததைப் பதிவு செய்தல்

பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்டு (eBird) செயலியில் பதிவிட்டால், நீங்கள் பார்த்தவை முகத்துவாரத்தின் பல ஆண்டுப் பதிவுகளோடு சேரும். பொங்கல் விடுமுறையையொட்டி நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இதைத் தொடங்க நல்ல சந்தர்ப்பம். பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலே ஒரு பட்டியல் ஆகிவிடும். பெரிய கூட்டத்தை எண்ணும்போது முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, அதே அளவை மீதியின் மீது நகர்த்திக் கணக்கிட்டால் ஓரளவு சரியான எண்ணிக்கை கிடைக்கும். செயலி கேட்காத இரண்டு விவரங்களைக் குறிப்புப் பகுதியில் நீங்களாகச் சேர்த்துவிடுங்கள்: நீர் ஏறிக்கொண்டிருந்ததா வற்றிக்கொண்டிருந்ததா என்பது ஒன்று, முகத்துவாரம் திறந்திருந்ததா அடைபட்டிருந்ததா என்பது மற்றொன்று. இவை இல்லாத பட்டியலில் "நெடுங்கால் உள்ளான் 12" என்று இருந்தால், பறவைகளே அவ்வளவுதானா, அல்லது நீர் ஏறியிருந்ததால் மற்றவை வேறிடம் போயிருந்தனவா என்பதைப் பின்னால் படிப்பவர் அறிய வழி இருக்காது.